பனிக்காலத்து ஒற்றையடிப் பாதையும் மனத்தெளிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் மனச்சோர்வுக்கு இடம்கொடாமல் இருப்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். குளிரைக் காரணம் காட்டி உடற்பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது என்று கட்டுரையாளர் வலியுறுத்தியிருப்பது மிகவும் சரி. ஆனால் குளிர் கடுமையாக இருக்கும் மாதங்களில் வெளியே போகாமல் டிரெட்மில்லில் ஓடலாம் என்றும், காதில் இசையை மாட்டிக்கொண்டால் அலுப்புத் தெரியாது என்றும், ஓடினால் எண்டார்பின் என்ற, வலியைத் தணித்து இன்பமூட்டும் வேதிப்பொருள் உடலில் சுரந்து மனம் தானாகவே தெளிந்துவிடும் என்றும் அதில் கூறப்பட்டிருந்த மூன்று கருத்துகளையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நான் பந்தயங்களில் ஓடும் வீரனல்லன், மருத்துவனும் அல்லன். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குகளைத் தணிக்கை செய்பவன். பதினொரு ஆண்டுகளாகக் குளிர்காலம் முழுவதும் காட்டுப்பாதையில் ஓடிவருகிறேன் என்பது ஒன்றே இக்கடிதத்தை எழுத எனக்குள்ள தகுதி.

தெளிவு என்ற சொல்லை நாம் நீருக்கும் மனத்துக்கும் சேர்த்தே வழங்குகிறோம். கலங்கிய நீர் தெளிவதற்கு யாரும் அதில் எதையும் கூடுதலாகச் சேர்ப்பதில்லை. கலக்குவதை நிறுத்தினால் போதும், மண் தானே அடியில் படிந்துவிடும். மனத்தைக் கலக்குவது எதுவென்று பார்த்தால், பெரும்பாலும் அது நடந்து முடிந்த ஒன்றையே செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி நினைப்பதுதான். உளவியலார் இதற்கு வழங்கும் ‘ரூமினேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளும் மாடு அசைபோடுவது என்பதே; ஆனால் மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கிறது, மனக்குறையை அசைபோடும் மனிதனுக்கோ அது செரிக்காமல் இன்னும் பெரிதாகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் 2250 பேரின் கைப்பேசிகளுக்கு நாளின் பல வேளைகளில் கேள்விகளை அனுப்பி நடத்திய ஆய்வு 2010ஆம் ஆண்டில் வெளியானது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு, செய்துகொண்டிருக்கும் வேலையில் மனம் இல்லாமலேயே கழிகிறது என்பதும், அவ்வாறு மனம் வேறெங்கோ திரியும் வேளைகளில் மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருக்கிறார்கள் என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். ஆகவே மனத்தைத் தெளிவிக்க வேண்டுமென்றால், அதற்கு இன்பமூட்டுவதைவிட, அதைச் சிறிது நேரமாவது வேறொன்றில் முழுதாக ஊன்ற வைப்பதே முதல் தேவை என்பது என் கருத்து. பனிக்காலத்து ஒற்றையடிப் பாதை அந்த வேலையைச் செய்யும் அளவுக்கு வேறெதுவும் செய்து நான் கண்டதில்லை.

எங்கள் தந்தை காலமான ஆண்டில் எனக்கும் என் அக்காவுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. அவருடைய கடைசி மாதங்களில் யார் எவ்வளவு பார்த்துக்கொண்டோம் என்று தொடங்கிய பேச்சு, சொல்லக் கூடாத சொற்களில் போய் முடிந்தது. அதன்பின் ஏழு மாதங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் என் தலைக்குள் நான் அவருடன் பேசாத நாளே இல்லை. பல் துலக்கும்போதும், பேரேட்டைப் புரட்டும்போதும், நடு இரவில் விழிப்புத் தட்டும்போதும் அதே வழக்கு, அதே வாதம், அதே தீர்ப்பு. அந்த மாதங்களிலும் நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன். வாரத்தில் நான்கு நாள், விடியற்காலையில், தார்ச்சாலையில் ஓடினேன். சமமான சாலையில் காலுக்குத் தன் வேலை தெரியும். தலையின் உதவி அதற்குத் தேவையில்லை. வேலையற்றுப்போன தலை தன் வழக்கை எடுத்துக்கொண்டது. காலடியின் சீரான தாளத்துக்கு வாதங்கள் இன்னும் கூர்மையாக வந்து விழுந்தன. வீடு திரும்பும்போது உடல் களைத்திருக்கும். மனமோ புறப்பட்டபோது இருந்ததைவிடக் கொதித்துக்கொண்டிருக்கும். ஓடினாலே மனம் தெளிந்துவிடும் என்பது உண்மையானால் அந்த ஏழு மாதங்களில் அது எப்போதோ தெளிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், சாலையில் குழாய் பதிப்பதற்காகப் பள்ளம் வெட்டியிருந்ததால், வேறு வழியின்றிப் பக்கத்துக் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். முந்தைய இரவு உறைபனி இறங்கியிருந்தது. மண்ணுக்குள் இருந்த ஈரம் ஊசி ஊசியாக உறைந்து எழுந்து மேல்மண்ணை ஒரு விரற்கடை உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தது. மிதித்த இடமெல்லாம் மொறுமொறுவென்று ஒலித்துக் கால் உள்ளே இறங்கியது. உதிர்ந்த இலைகள் வேர்களை மூடியிருந்தன. நிழலில் கிடந்த கற்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் ஒன்று படிந்திருந்தது என்பதை முதல் கல்லிலேயே வழுக்கித் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு என் பார்வை இரண்டு மூன்று அடி எடுத்துவைக்கும் தொலைவிலேயே நிலைத்துவிட்டது. இந்த வேர் காய்ந்திருக்கிறதா, அந்தக் கல் ஆடுமா, இலைக்குவியலுக்கு அடியில் பள்ளம் இருக்குமா என்ற கேள்விகளைத் தவிர வேறெதற்கும் தலைக்குள் இடமில்லை. அடிகள் குறுகின, கைகள் தாமாக விரிந்து உடலைச் சமன்செய்தன. ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் கழித்து, ஓடை ஒன்றைக் கடப்பதற்காக நின்றபோதுதான், அந்த நேரம் முழுவதும் அக்காவிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அதை உணர்ந்த மறுகணமே பேச்சு திரும்பவும் தொடங்கிவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதன் தொனி மாறியிருந்தது. அவரும் தந்தையை இழந்தவர்தாமே என்ற எண்ணம், வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், அந்த ஏழு மாதங்களில் ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை. அன்று ஓடைக்கரையில் தோன்றியது. மாலையில் அவருக்கு நான்கே வரிகளில் ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் மனத்தாங்கல் தீர்ந்ததற்குக் காடுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த நான்கு வரிகளை எழுதும் அளவுக்கு என் தலைக்குள் அன்றுதான் அமைதி இருந்தது என்று மட்டும் சொல்வேன்.

இதை என் தனிப்பட்ட அனுபவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கரடுமுரடான நிலத்தில் மனிதர்கள் நடக்கும்போது அவர்களுடைய பார்வை எங்கே விழுகிறது என்பதை டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கருவிகளைப் பொருத்தி அளந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சமதளத்தில் நடக்கும்போது கண்கள் சுற்றுமுற்றும் அலைகின்றன. கல்லும் முள்ளுமான இடத்திலோ கால் வைக்கப்போகும் இடங்களிலேயே நின்றுவிடுகின்றன. நிலம் எத்தகையதாக இருந்தாலும் நடப்பவர்கள் ஏறத்தாழ ஒன்றரை நொடி கழித்துத் தாம் சென்றுசேரும் இடத்தையே பார்த்து நடக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டறிந்தது. ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் இருக்கின்றன. தார்ச்சாலையிலும் டிரெட்மில்லிலும் அவை அனைத்தும் ஆயிரக்கணக்கான முறை ஒரே மாதிரியாக மடங்கி நிமிர்கின்றன, காட்டுப்பாதையில் ஓர் அடியைப் போல இன்னோர் அடி இருப்பதில்லை. அடுத்த ஒன்றரை நொடிக்குள் கண்ணும் காலும் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கும் இடத்தில், ஏழு மாதத்துக்கு முந்தைய சண்டைக்கு யார் இடம் கொடுப்பது?

எண்டார்பின் பற்றியும் சிறிது விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இது பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவருவது. நீண்ட ஓட்டத்தின்போது ரத்தத்தில் எண்டார்பின் அளவு கூடுவது உண்மைதான். ஆனால் அந்த மூலக்கூறு, ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்ட பொருள்களும் புகுந்துவிடாமல் காக்கும் தடுப்பை எளிதில் கடப்பதில்லை. 2008ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பத்து ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவைத்து அவர்களுடைய மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, மூளைக்குள்ளேயே இவ்வகைப் பொருள்கள் சுரந்ததற்கான அடையாளங்கள் தென்பட்டன. ஆனால் 2021ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், எண்டார்பின் வேலை செய்யும் வாயில்களை அடைத்துவிடும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடவிட்டபோதும், ஓட்டக்காரர்களுக்கு ஏற்பட்ட மனக்கிளர்ச்சியும் பதற்றம் தணிந்த உணர்வும் குறையவில்லை. ஆகவே இன்று பலரது கவனம், உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும், கஞ்சாச் செடியின் வேதிப்பொருளை ஒத்த சில பொருள்களின் பக்கம் திரும்பியிருக்கிறது. அவற்றில் ஒன்றை 1992ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்கள், ஆனந்தம் என்ற நமக்கு நன்கு தெரிந்த சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். இவ்வளவு சிக்கலான ஒன்றை ஒரே வரியில் எண்டார்பின் என்று முடித்துவிடுவது வாசகர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

இதைவிட முக்கியமானது, மகிழ்ச்சி வேறு, தெளிவு வேறு என்பது. இதற்கு நல்ல சான்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்க் பெர்மன், ஜான் ஜொனிடிஸ், ஸ்டீபன் கப்லான் ஆகியோர் நடத்தி 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்றவர்கள் ஒரு நாள் மரங்கள் அடர்ந்த இடத்திலும், மற்றொரு நாள் போக்குவரத்து மிகுந்த நகரத் தெருக்களிலும் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் நடந்தார்கள். நடையின் முன்னும் பின்னும், சொல்லப்படும் எண்களைத் தலைகீழ் வரிசையில் திருப்பிச் சொல்லும் சோதனை வைக்கப்பட்டது. மரங்களுக்கிடையே நடந்து திரும்பியபோது அவர்களுடைய திறன் கூடியிருந்தது. தெருவில் நடந்து திரும்பியபோது அவ்வாறு கூடவில்லை. எனக்கு இந்த ஆய்வில் பிடித்த பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. சிலர் இந்த நடையைக் கோடையில் மேற்கொண்டார்கள், சிலர் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த ஜனவரியில் மேற்கொண்டார்கள். ஜனவரியில் நடந்தவர்கள் அதைக் கோடையில் நடந்தவர்கள் அளவுக்கு விரும்பவில்லை. ஆயினும் அவர்களுக்குக் கிடைத்த பலன் குறையவில்லை. புறப்படும்போது முணுமுணுத்துக்கொண்டே புறப்பட்டாலும் பரவாயில்லை என்று நான் நண்பர்களுக்குச் சொல்வதற்கு இந்த ஆய்வே எனக்குத் துணை.

ஸ்டீபன் கப்லானும் அவருடைய துணைவியார் ரேச்சல் கப்லானும் இதற்கு முன்பே இதற்கான காரணத்தை விளக்கியிருக்கிறார்கள். நாம் முயன்று செலுத்தும் கவனம், கணக்குப் பார்க்கும்போதும் பிழை திருத்தும்போதும் செலுத்தும் கவனம், தசையைப் போலக் களைத்துப்போகிறது. இலையின் அசைவும் நீரின் ஓட்டமும் நம்மை அதட்டாமல் மென்மையாக ஈர்ப்பதால், அந்தக் களைத்த கவனம் அதற்கிடையில் ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெகரி பிராட்மன் குழுவினர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தவர்களிடம், நான் மேலே சொன்ன அசைபோடும் பழக்கம் தணிந்திருந்தது. அதனுடன் தொடர்புள்ள மூளைப்பகுதியின் இயக்கமும் குறைந்திருந்தது. பரபரப்பான சாலையோரத்தில் அதே நேரம் நடந்தவர்களிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. இவ்விரண்டும் நடையைப் பற்றிய ஆய்வுகளே தவிர ஓட்டத்தைப் பற்றியவை அல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓட முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தியும்கூட. முழங்கால் வலி உள்ளவர்களும் வயதானவர்களும் அதே பாதையில் நடந்தாலே போதும். எனக்கு ஓட்டம் தேவைப்படுவதற்குக் காரணம், நடக்கும் வேகத்தில் என் மனம் பேச்சைத் தொடர்வதற்கு இன்னும் சற்று இடம் கண்டுபிடித்துவிடுகிறது என்பதுதான்.

குளிர்காலத்தில் வெளியே போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது வெளிச்சம். பகல் குறுகும் மாதங்களில் மட்டும் வந்து வாட்டும் மனச்சோர்வை 1984ஆம் ஆண்டில் நார்மன் ரோசென்தாலும் அவருடன் பணியாற்றியவர்களும் தனி நிலையாக அடையாளம் கண்டு எழுதினார்கள். அதற்கு வழக்கமாகத் தரப்படும் ஒளிச் சிகிச்சையில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுள்ள விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். விளக்கேற்றிய அறைக்குள் பொதுவாக இருப்பது சில நூறு லக்ஸ்தான்; மேகம் கவிந்த நாளில்கூட வெட்டவெளியில் அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். சன்னலருகே டிரெட்மில்லைப் போட்டு ஓடினாலும் இந்த வேறுபாடு முழுதாகத் தீர்வதில்லை.

இவையெல்லாம் அளவைகள். பாதையில் இறங்கியவருக்குத் தெரிவது வேறு. மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால், கோடையில் பத்தடிக்கு அப்பால் தெரியாத காட்டுக்குள் இப்போது மலைச்சரிவு முழுவதும் கண்ணுக்குப் புலப்படும். புதிதாகப் பெய்த பனி தன் நுண்துளைகளுக்குள் ஓசையை வாங்கிக்கொள்வதால், தொலைவில் ஓடும் வண்டிகளின் இரைச்சல் அற்றுப்போய், தன் மூச்சைத் தானே கேட்கும் நிலை வரும். காற்றில்லாத தெளிந்த இரவுக்குப் பின் குளிர்காற்று தாழ்வான இடங்களில் தேங்கிக் கிடக்கும். ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது காதுமடல்கள் எரிவதுபோல வலிக்கும்; எதிர்ச்சரிவில் ஏறத் தொடங்கி ஐம்பதடி போவதற்குள் யாரோ கதவைத் திறந்ததுபோல முகத்தில் இளஞ்சூடு வந்து படும். மேலே போகப் போகக் குளிர் கூடும் என்று எண்ணியிருந்த எனக்கு இது முதன்முறை பெரும் வியப்பாக இருந்தது. இப்போதும் அந்த இடத்தை அடையும்போது, வேகத்தைச் சற்றே குறைத்துக்கொண்டு, குளிரும் சூடும் ஒன்றையொன்று தொடும் எல்லையைத் தோலினால் தேடிப் பார்ப்பேன். பனிக்காலத்தை முன்பனி, பின்பனி என்று இரண்டாகப் பகுத்துப் பெயரிட்ட மொழி நம்முடையது; அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டுக்குள் இருந்து யாரும் அறிந்திருக்க முடியாது.

காதில் இசை வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம். இசையின்மீது எனக்கு வெறுப்பில்லை. ஆனால் பனி இறுகிய மண்ணின் ஓசை ஒன்று, உள்ளே கூடாகி நீர் ஓடும் பனிக்கட்டியின் ஓசை வேறொன்று. கால் வைப்பதற்கு முன் காது அதைச் சொல்லிவிடும். இயர்போனை மாட்டிக்கொண்டவர் அந்தச் செய்தியை இழக்கிறார். அதோடு மனத்தையும் பாட்டின் பின்னே அனுப்பிவிடுகிறார். கைக்கடிகாரம் காட்டும் வேகத்தையும் பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன். உறைந்த பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் சாலையில் ஆவதைப் போல இருமடங்காகலாம், அதனால் எந்த நட்டமும் இல்லை. அருகில் ஒருவர் வந்தால் முழு வாக்கியங்களில் மூச்சிரைக்காமல் பேச முடிகிறதா என்பது ஒன்றே நான் வைத்திருக்கும் அளவுகோல். காட்டுப்பாதை ஓட்டத்தை உலகத் தடகளக் கூட்டமைப்பு 2015ஆம் ஆண்டிலேயே ஒரு விளையாட்டுப் பிரிவாக ஏற்றுக்கொண்டுவிட்டது, பந்தயங்களும் பெருகிவிட்டன. ஓட விரும்புவோர் ஓடட்டும். மனத்தெளிவுக்காகப் போகிறவர் அந்தக் கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

எனினும் குளிர் யாருக்கும் நண்பனல்ல. இதை நான் கற்றுக்கொண்டது என் மூன்றாவது குளிர்காலத்தில். பருத்திச் சட்டையுடன் மலைச்சரிவில் வேகமாக ஏறி வியர்வையில் நனைந்திருந்தேன். முகட்டில் சூரிய உதயத்தைக் கைப்பேசியில் படம் பிடிப்பதற்காகச் சிறிது நேரம் நின்றேன். இறங்கும்போது அவசரத்தில் கணுக்கால் பிசகியது. பாறை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஓடும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. நின்றவுடன் அந்த உலை அணைந்துவிடுகிறது. ஆனால் நனைந்த துணி விடுவதில்லை; காற்றைவிட நீர் வெப்பத்தை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்திச் செல்லும். கால்மணி நேரத்தில் வெடவெடவென்று நடுக்கம் கண்டது. மேற்சட்டையின் ஜிப்பைப் பிடிக்க முயன்றேன், விரல்கள் கேட்கவில்லை. கைப்பேசியின் திரை என் விறைத்த விரலை அறிந்துகொள்ளவே இல்லை. எந்தப் பக்கம் போகிறேன் என்று வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நாயுடன் அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “பேச்சு குழறுது தம்பி, மொதல்ல எழுந்திரிங்க” என்று அதட்டி எழுப்பி, தம் கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டு, தோள் கொடுத்து அடிவாரம் வரை நடத்திக்கொண்டு வந்தார். என் பேச்சு குழறுவது அதுவரை எனக்கே தெரியாது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. கால் தடுமாறுவதும், விரல் பிடி தளர்வதும், நாக்கு குழறுவதும், தனக்கு ஒன்றுமில்லை என்று பாதிக்கப்பட்டவரே சாதிப்பதும் அதை நோக்கிச் சரிவதன் அடையாளங்கள். அன்றிலிருந்து உடலை ஒட்டி மெல்லிய கம்பளியோ செயற்கை இழைத் துணியோதான் அணிகிறேன். உலர்ந்த மேற்சட்டை ஒன்றும் தலையில் மாட்டும் விளக்கும் முதுகுப்பையில் எப்போதும் இருக்கும். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வைக்காமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை. முதல் பத்து நிமிடங்கள் சற்றுக் குளிர்வதாகவே உணரும்படி உடுத்த வேண்டும் என்பது ஓட்டக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் அறிவுரை. வியர்த்து நனைவதைத் தவிர்க்க அதைவிட நல்ல வழியில்லை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த, உலர்ந்த காற்று மூச்சுக்குழலைச் சுருக்கிவிடக்கூடும். மெல்லத் தொடங்குவதும், வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்வதும் உதவும். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுவதால் இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. குளிரில் தாகம் மந்தமாகிவிடும், ஆகையால் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் எழுதியிருப்பது அன்றாட மனக்கலக்கத்தைப் பற்றி. வாரக்கணக்கில் உறக்கமின்றி, எதிலும் பிடிப்பின்றி, வாழ்வதே சுமையென்று தோன்றும் அளவுக்கு ஒருவர் வருந்தினால் அவருக்குத் தேவை மருத்துவர். காட்டுக்குப் போய் ஓடு என்று சொல்வது அவருக்கு இழைக்கும் தீங்கு. மனச்சோர்வு நோய்க்கு உடற்பயிற்சி பயன்படுவதை ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மைதான். 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மனச்சோர்வு நோயால் பாதிக்கப்பட்ட, ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடைய 156 பேரில், 16 வாரப் பயிற்சி பெற்றவர்களும் மருந்து உட்கொண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்தார்கள். ஆனால் அந்தப் பயிற்சி வல்லுநர்களின் மேற்பார்வையில் நடந்தது. யாரும் தாமாக மருந்தை நிறுத்திவிட்டு ஓடப் போனவர்கள் அல்லர்.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். எண்டார்பின் பற்றிய பகுதிக்கு ஒரு சிறு விளக்கத்தையும், குளிரில் வெளியே ஓடுவோர் கவனிக்க வேண்டியவை பற்றி மருத்துவர் ஒருவர் எழுதும் குறிப்பையும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். அடுத்தது, பாதைகளைப் பற்றியது. காடுகளையும் பெரிய பூங்காக்களையும் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர்கள், நல்லெண்ணத்துடன்தான், பாதைகளைச் சீர்செய்கிறோம் என்று வேரை வெட்டி, கல்லைப் பெயர்த்து, கான்கிரீட் கொட்டிச் சமன்செய்துவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் வருவோருக்கும் முதியவர்களுக்கும் சமமான பாதை கட்டாயம் வேண்டும்; அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை ஒட்டியே, ஓரமாக, அரை மைல் தொலைவாவது வேரும் கல்லும் சரிவுமாக மண்பாதை ஒன்றை அப்படியே விட்டுவைக்கலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. செய்யாமல் விடுவதுதான் அங்கே செய்ய வேண்டிய வேலை. நான் ஓடும் பாதையில் ஓடைக்கு முன்பாக, மூன்று வேர்கள் படிக்கட்டு போலக் குறுக்கே கிடக்கும் ஓர் இறக்கம் இருக்கிறது. சென்ற மாதம் அந்த வேர்களின்மேல் வெள்ளைச் சாயத்தால் யாரோ அளவுக்குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவை வெட்டப்படுவதற்கு முன் தங்கள் நாளிதழில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வெளிவந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்